எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இலங்கையில் கையைச் சுட்டுக்கொண்டோம் என்கிறீர்கள். முப்பத்தைந்து வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஓய்வுபெற்ற தளபதிகள் எழுதுகிற புத்தகங்களிலும் இதுதான், முன்னாள் தூதுவர்கள் தருகிற பேட்டிகளிலும் இதுதான். அயல்நாட்டுக்குப் படை அனுப்புவதைப் பற்றி டில்லியில் யாராவது வாய் திறந்தால் போதும், இலங்கையில் பட்டது போதாதா என்று உடனே பதில் வந்துவிடும். அந்த நெருப்பு எரிந்தது எங்கள் வீட்டில். உங்களுக்குச் சுட்டது விரல். எங்களுக்குச் சுட்டதை இன்றுவரை நீங்கள் கணக்கெடுக்கவேயில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1987 முதல் 1990 வரை இந்தியப் படை எங்கள் மண்ணில் நின்ற, ‘இந்தியன் ஆமிக் காலம்’ என்று எங்கள் சனம் சொல்கிற அந்தக் காலம் முழுவதையும் அங்கேயே கழித்தவள். இப்போது வயது போய்விட்டது. இனி யாருக்காகவும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை நாங்கள் வெறுத்துப் பிறந்தவர்கள் இல்லை. எங்கள் வீடுகளின் விறாந்தைச் சுவரில் காந்தியும் நேருவும் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கினார்கள். பின்னேரம் ஆனால் திருச்சி வானொலிதான். 1984இல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த அன்று, எங்கள் ஒழுங்கையில் பல வீட்டில் உலை ஏறவில்லை. அடுப்படியில் இருந்து அழுத கிழவிகளை நான் கண்டேன். யாரோ ஒரு பிரதமர் இறந்துவிட்டார் என்று எவரும் அங்கே நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார் என்றே அழுதார்கள்.

1987 மே மாதம் இலங்கை இராணுவம் வடமராட்சியில் இறங்கி அடித்தது. உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்தில் இருந்து வந்த படகுகளை இலங்கைக் கடற்படை ஜூன் 3ஆம் திகதி திருப்பி அனுப்பியது. மறுநாள் பின்னேரம் வானத்தில் இரைச்சல் கேட்டது. எங்களுக்கு விமான இரைச்சல் என்றால் குண்டுதான். ஓடிப்போய் பங்கருக்குள் இறங்கியவர்கள், வெளியே நின்ற பெடியள் கத்துவதைக் கேட்டு மெல்ல மேலே வந்து பார்த்தார்கள். மிராஜ் போர் விமானங்கள் காவல் வர, ஐந்து அந்தோனோவ் விமானங்கள் பரசூட்டில் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு போயின. ‘பூமாலை’ என்று அந்த நடவடிக்கைக்கு நீங்கள் பெயர் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. எத்தனை தொன், யாருக்குக் கிடைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. இந்தியா வந்துவிட்டது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

ஆனபடியால் ஜூலை கடைசியில் உங்கள் படை பலாலியில் வந்திறங்கியபோது வீதியில் மறித்து மாலை போட்டோம். செவ்வரத்தம்பூவையும் நித்தியகல்யாணியையும் கட்டி, ட்ரக்கில் இருந்தவர்களுக்கு எட்டி எட்டிப் போட்டார்கள் சின்னப் பிள்ளைகள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஹிந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

இந்த மாலைகளை ஒருவரும் மறந்துவிடக் கூடாது. பிறகு நடந்த எல்லாவற்றையும் இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1987 ஜூலை 29இல் கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் ராஜீவ் காந்தி, மற்றவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன. எங்கள் நிலம், எங்கள் மொழி, எங்கள் மாகாணம், எங்கள் பெடியளின் ஆயுதம் எல்லாவற்றையும் பற்றி எழுதிய தாளில் எங்களுடைய கையெழுத்து என்று ஒன்று இல்லை. தேர்தலில் நாங்கள் தெரிந்தெடுத்த தமிழ்க் கட்சிக்காரர் அதில் ஒப்பமிடவில்லை. ஆயுதம் தூக்கிய இயக்கம் ஒன்றுகூட ஒப்பமிடவில்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு மாறாக எந்த நாட்டுப் படைக்கும் கொடுப்பதில்லை, அங்கேயுள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து திருத்தி நடத்துவது, வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவத் தேவைக்குப் பயன்படாமல் பார்ப்பது என்று அந்தக் கடிதம் போகிறது. வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு எது தேவை என்பது அதில் மிகத் தெளிவாக இருக்கிறது. எங்களுக்கு எது தேவை என்று எங்களிடம் கேட்ட ஒரு வரியும் அந்தக் காகிதக் கட்டில் இல்லை.

உங்களிடம் கோரிக்கை வைத்து உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன், செப்டெம்பர் 26ஆம் திகதி நல்லூர் வீதியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து செத்தார். ஒக்டோபர் 5இல் பலாலி முகாமில், கைதாகிக் கொழும்புக்குக் கொண்டுபோகப்படவிருந்த புலிகள் பன்னிரண்டு பேர் சயனைட் கடித்து இறந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் கிழக்கில் அப்பாவிச் சிங்களச் சனத்தைப் புலிகள் கொன்றார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. ஒக்டோபர் 10இல் உங்கள் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. அன்றைக்கே யாழ்ப்பாணத்தில் இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளின் அச்சகத்தை உங்கள் படை வெடிவைத்துத் தகர்த்தது. சமாதானம் காக்க வந்த படை முதல் வேலையாகச் செய்தது அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவோடு இரவாக ஹெலியில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒரே ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். செத்த இருபத்தொன்பது பேரும் ஒவ்வொரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். கீழே என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் டில்லியிலும் மதராசிலும் பத்திரமாக இருந்தார்கள். அந்த ஆத்திரம் முழுவதையும் உங்கள் படையினர் பக்கத்தில் கொக்குவில் பிரம்படி ஒழுங்கைச் சனத்தின் மேல் காட்டினார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களைச் சுட்டார்கள். வீதியில் கிடந்த உடல்களின் மேல் டாங்கி போனது.

பிறகு வந்தது தீபாவளி. 1987 ஒக்டோபர் 21.

சனம் நல்லூர்க் கோயிலிலும் பள்ளிக்கூடங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்த நாட்கள் அவை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி மட்டும் ஆஸ்பத்திரியாக இயங்கிக்கொண்டு இருந்தது. மருத்துவர்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கியிருந்தார்கள். காலையில் ஆயுதத்தோடு புலிகள் சிலர் உள்ளே வந்தார்கள், மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்டு அனுப்பினார்கள் என்று ‘முறிந்த பனை’ நூல் பதிவு செய்திருக்கிறது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பகலில் செல் விழுந்தது. எட்டாம் வார்ட்டில் நோயாளிகள் செத்தார்கள். பின்னேரம் நாலு மணியளவில் படை உள்ளே வந்தது. எக்ஸ்ரே பகுதிக் கட்டடம் உறுதியானது என்று நம்பி, தாதிகளும் சிற்றூழியரும் நோயாளிகளும் அங்கே குவிந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சுட்டார்கள். கைக்குண்டு போட்டார்கள். உயிர் தப்பியவர்கள் இரவு முழுக்கச் செத்தவர்களுக்கு நடுவில் செத்தவர்களைப் போல அசையாமல் கிடந்தார்கள். இருமியவரைச் சுட்டார்கள், தண்ணீர் கேட்டவரைச் சுட்டார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

விடிந்தது. குழந்தைகள் வைத்திய நிபுணர் ஒருவர், தாதிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தியபடி நடந்து வந்தார். நாங்கள் வைத்தியர்கள், தாதிகள், சரணடைகிறோம் என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் ஊரில் அவரிடம் காய்ச்சலுக்கு மருந்து வாங்காத பிள்ளை குறைவு.

அறுபது, எழுபது பேர் அந்த இரண்டு நாளில் செத்தார்கள். அதில் இருபத்தொரு பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், மூவர் வைத்தியர்கள். உடல்களை அங்கேயே குவித்து எரித்தார்கள். படைத் தரப்பு அதை இரு பக்கத்துத் துப்பாக்கிச் சண்டையில் அகப்பட்டவர்களின் சாவு என்று சொல்லி முடித்தது. விசாரணை என்று ஒன்று வெளியே வரவில்லை. ஒருவரும் குற்றக் கூண்டில் ஏறவில்லை.

1989 ஓகஸ்ட் 2இல் வல்வெட்டித்துறைச் சந்தியில் புலிகள் ரோந்துப் படையைத் தாக்கினார்கள். அதற்குப் பதிலாக உங்கள் படை ஊருக்குள் போய் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. வீடுகளையும் கடைகளையும் வள்ளங்களையும் எரித்தது. உங்கள் நாட்டு அரசியல்வாதி ஜோர்ஜ் பெர்னாண்டஸே அதை ‘இந்தியாவின் மை லாய்’ என்று கண்டித்துக் குரல் எழுப்பினார். வியட்நாமில் தன் படை பொதுமக்களைக் கொன்ற அந்த மை லாய்க்காவது அமெரிக்கா ஓர் அதிகாரியைப் பேருக்கென்றாலும் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தது. மூன்றரை வருட வீட்டுக் காவலோடு அது முடிந்தாலும், நடந்தது குற்றம் என்று ஒரு தாளில் எழுதப்பட்டது. எங்களுக்கு அந்தத் தாளும் இல்லை. பெர்னாண்டஸ் 1998இல் பாதுகாப்பு அமைச்சரானார். அவர் அந்த நாற்காலியில் இருந்த வருடங்களிலும் வல்வெட்டித்துறைக் கோப்பை எவரும் திறக்கவில்லை.

இனி, அந்தப் போர் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். ‘மக்கள் விரும்பாத போர்’ என்று அதை எழுதுகிறார்கள். எந்த மக்கள் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு. இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் அப்படி ஒரு போர் நடப்பதே பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் தெரியும். அங்கே மனம் கொதித்தார்கள், அதற்காக அவர்களுக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். 1990 மார்ச்சில் மதராசுக்குத் திரும்பிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அது ஒன்றுதான் இந்திய அதிகாரத்தில் இருந்த ஒருவர் எங்கள் சாவைச் சாவு என்று ஒத்துக்கொண்ட தருணம். தெற்கே சிங்களத் தரப்பு அந்தப் படையை வெறுத்தது எங்களுக்காக அல்ல. தங்கள் மண்ணில் அந்நியப் படை நிற்கிறதே என்று வெறுத்தார்கள். பிரேமதாச ஜனாதிபதியானதும் 1989 ஜூலை 29க்குள் வெளியேறு என்று கெடு வைத்தார். உங்கள் படையைச் சுடச் சொல்லிப் புலிகளுக்கு அவரே ஆயுதம் கொடுத்தார், புலிகளும் வாங்கினார்கள். டில்லியில் வி. பி. சிங் ஆட்சிக்கு வந்தார், முன்னைய ஆட்சியின் தவறைத் தொடர அவருக்கு விருப்பமில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. ஒருவருடைய காரணத்திலும் நாங்கள் இல்லை. 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் திருகோணமலையில் இருந்து போனது.

போகிற படைக்குப் பின்னால் யார் நின்றார்கள் தெரியுமா? பிள்ளைபிடியில் பிடிபட்ட பெடியள்.

1989இன் நடுப்பகுதியில் இருந்து உங்கள் படையோடு நின்ற இயக்கங்கள் வீதி வீதியாகப் பிள்ளை பிடித்தன. நீங்கள் போன பிறகு வடகிழக்கைக் காக்க ஒரு தமிழ்ப் படை வேண்டுமாம். ரியூசனுக்குச் சைக்கிளில் போன பெடியன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். சைக்கிள் மட்டும் வேலிக்கரையில் சாத்திக் கிடக்கும். தாய்மார் முகாம் வாசலில் வெயிலில் நிற்பார்கள், கையில் ஒரு சோற்றுப் பார்சல் இருக்கும், உள்ளே கொடுத்தார்களா இல்லையா என்று தெரியாது. பதினைந்து, பதினாறு வயது. பிடித்துக்கொண்டு போய்ச் சில கிழமைப் பயிற்சி, கையில் உங்களுடைய துவக்கு. படை கிழக்கில் இருந்து பின்வாங்கப் பின்வாங்க, அந்த முகாம்களைப் புலிகள் ஒவ்வொன்றாக அடித்தார்கள். விருப்பமில்லாமல் இழுத்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகள், ஆயுதம் தூக்கிய குற்றத்துக்காகத் தமிழர் கையாலேயே செத்தார்கள். இயக்கத் தலைவர்கள் கப்பலும் விமானமும் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். பெடியளுக்குக் கப்பல் வரவில்லை.

அல்ஜீரியாவில் பிரான்ஸ் செய்ததும் இதுதான். 1962இல் எவியன் ஒப்பந்தத்தோடு டிகோல் அந்தப் போரை முடித்தார். முடித்த கையோடு பிரான்சின் வெளிநாட்டுக் கொள்கையே மாறியது. 1964இல் சீனாவை அங்கீகரித்தது, 1966இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையை விட்டு வெளியே வந்தது. பாரத்தை இறக்கி வைத்த நாடு நிமிர்ந்து நடந்தது என்று சரித்திரகாரர் மெச்சுகிறார்கள். ஆனால் பிரெஞ்சுப் படையோடு நின்ற ஹார்க்கி என்னும் அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் ஊரில் விடப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் 2021இல் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அறுபது வருடம் பிந்தித்தான், என்றாலும் கேட்டார். எங்கள் பெடியளின் பெயர்ப் பட்டியல்கூட உங்களிடம் இல்லை.

போர் முடிந்தது உங்களுக்கு. எங்களுக்கு எண்பது நாள்கூடத் தாங்கவில்லை, ஜூனில் இரண்டாம் கட்டப் போர் வந்துவிட்டது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு யாழ்ப்பாணத்துச் சனம் எவரும் வாக்குப் போடவில்லை. ஆனால் தண்டனை மட்டும் எல்லோருக்கும் வந்தது. தமிழ்நாட்டில் இருந்த அகதிகளை 1992இல் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள், ஊரில் போர் நடந்துகொண்டு இருக்கும்போதே. இன்றைக்கும் தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னீர்கள். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் போரில் இருந்து நீங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: இனிமேல் தலையிடுவதில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் இலங்கை இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது டில்லி பேசவில்லை. அடுத்த வருடம் உங்கள் வெளிவிவகார அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பெயரில் ஒரு கோட்பாடு வந்தது. அயல்நாடுகளுக்குக் கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பது, ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாதது என்று. நல்ல சொற்கள்தான். ஆனால் எங்களைக் கொல்வதும் கொழும்பின் உள்விவகாரம் ஆகிவிட்டது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்து, இலங்கைப் படை யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டு, கொழும்பு இராணுவ உதவி கேட்டபோது வாஜ்பாய் அரசு படை அனுப்ப மறுத்துவிட்டது. 2003இல் ஈராக்குக்குப் படை தரும்படி அமெரிக்கா கேட்டபோதும் மறுத்தீர்கள். அந்த இரண்டு மறுப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். இன்னொரு நாட்டுச் சனத்தின் முற்றத்தில் உங்கள் பெடியள் போய்ச் சாகாமலும் சாக்காட்டாமலும் இருந்தது நல்லதுதான்.

ஆனால் தலையிடுவதில்லை என்று சொன்னவர்கள் தலையிடாமல் இருந்தார்களா? கடைசிப் போருக்கு ரேடார் கொடுத்தீர்கள். 2008 செப்டெம்பரில் வவுனியா முகாமைப் புலிகள் தாக்கியபோது காயப்பட்டவர்களில் இரண்டு இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருந்ததால்தான் ஊருக்குத் தெரிய வந்தது, அவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள் என்று. டில்லியில் மூன்று பேர், கொழும்பில் மூன்று பேர் என்று ஒரு குழு அமைத்து, போர் முடியும்வரை நெருங்கித் தொடர்பில் இருந்தீர்கள். தமிழ்நாடு கொந்தளித்தால் அதைத் தணிக்க எந்த நாளில் என்ன அறிக்கை விடுவது என்பதுவரை அந்தக் கதை போனது. முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் நாற்பதினாயிரம் பேர்வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. உடல்கள் கிடந்த மணல் காயுமுன்னர், 2009 மே 27இல், ஜெனிவாவில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ஆதரவாக இந்தியா கை உயர்த்தியது.

1987இல் எங்களைக் கேட்காமல் கொழும்போடு ஒப்பந்தம் எழுதினீர்கள். 2009இல் எங்களைக் கேட்காமல் கொழும்போடு போரை முடித்தீர்கள். நடுவில் படை வந்ததும் போனதும்தான் வித்தியாசம். உங்கள் கொள்கை மாறியது என்கிறார்கள் அறிஞர்கள். எங்கள் தலைக்கு மேலால் கதைக்கிற பழக்கம் மாறவில்லை. அந்தப் பழக்கம்தான் முதல் பிழை. ஆஸ்பத்திரியில் நடந்ததும் வல்வெட்டித்துறையில் நடந்ததும் அந்தப் பிழையில் இருந்து வந்தவை. ஒரு சனத்தை ஆளாக மதித்துக் கதைத்திருந்தால், கையை உயர்த்தி வந்த அந்தச் சனத்தின் வைத்தியரைச் சுட வேண்டி வந்திருக்காது. தோல்வியை ஆராய்ந்தவர்கள் உளவுத் தகவல் போதாது என்றார்கள், வரைபடம் பழசு என்றார்கள், ஆயுதம் சரியில்லை என்றார்கள். எங்களைக் கேட்கவில்லை என்று ஒருவர் எழுதியதை நான் வாசித்ததில்லை.

ஒப்பந்தத்தில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். அதன் பேரில் இலங்கை அரசியலமைப்பில் வந்த, மாகாண சபைகளுக்கான 13ஆவது திருத்தத்தை முழுதாக நடைமுறைப்படுத்துங்கள் என்று பல வருடமாக அறிக்கைகளில் ஒரு வரி போட்டு வந்தீர்கள். வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு அதைத் தடுக்கவில்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு இன்னொரு தேர்தல் வைக்காமலே வருடங்களைக் கடத்தினார்கள். ஆனால் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள்? 2022 ஜனவரியில் தொண்ணூற்றொன்பது தாங்கிகளுக்கும் ஒப்பந்தம் முடித்துவிட்டீர்கள். இத்தனை இந்திய நிறுவனத்துக்கு, இத்தனை இலங்கைக்கு, மிச்சம் இருவருக்கும் கூட்டாக என்று எண்ணிப் பிரித்தாயிற்று. தாங்கிகளுக்காகக் காட்டிய விடாப்பிடியில் கால்வாசியை எங்களுக்காகக் காட்டியிருந்தால் என்று நினைத்து நான் இரவில் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன்.

உதவி செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். போருக்குப் பிறகு நாற்பதினாயிரத்துக்கும் மேல் வீடு கட்டித் தந்தீர்கள், ரயில் பாதை போட்டீர்கள், சென்னைக்கு விமானம் வருகிறது. அந்த வீட்டில் இருக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள், நானும் வாழ்த்துகிறேன். 2015 மார்ச்சில் பிரதமர் மோடி வந்தார். யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் இந்தியப் பிரதமர் அவர்தான். கொழும்புக்குப் பக்கத்தில் உங்கள் படைவீரர் நினைவுத் தூபியில் மலர்வளையம் வைத்தார். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட உங்கள் பிள்ளைகளின் நினைவு அது, வைக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடுகளைக் கையளித்தார், கலாசார மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். செத்துப்போன எங்கள் சனத்தைப் பற்றி, அந்தப் படையால் செத்தவர்களைப் பற்றி, ஒரு சொல் சொல்லவில்லை.

படை திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, கடவுளே, ஒருபோதும் வேண்டாம். நஷ்டஈடும் நான் கேட்கவில்லை. நான் கேட்பது கோப்பு. 1987 ஒக்டோபர் 21இலும் 22இலும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் எந்தப் பிரிவு போனது, யார் கட்டளை இட்டது, என்ன அறிக்கை மேலே போனது என்று உங்கள் இராணுவத் தலைமையகத்தில் எழுதிவைத்திருப்பீர்கள். 1989 ஓகஸ்ட் 2, 3, 4இல் வல்வெட்டித்துறையில் நடந்ததையும் எழுதிவைத்திருப்பீர்கள். பிள்ளைபிடியில் பிடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்த முகாம்களில் ஒரு பெயர்ப் பதிவேடு இருந்திருக்கும். அவற்றைத் திறவுங்கள். முகாம் வாசலில் சோற்றுப் பார்சலோடு நின்ற தாய்மாரில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எண்பது தாண்டியும். பிள்ளை எந்த முகாமில், எந்தத் திகதியில் செத்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 21ஆம் திகதி அந்த ஆஸ்பத்திரியில் செத்த ஊழியர்களின் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். வேலைக்கு வந்த தாதிகளும் ஓய்வுபெற்றவர்களும் செத்தவர்களின் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். யாழ்ப்பாணத்திலேயே உங்களுக்கு 2010இல் இருந்து ஒரு துணைத்தூதரகம் இருக்கிறது, அதே பட்டினத்துக்குள்தான். இந்த வருடம் வாருங்கள். டில்லியில் இருந்து பெரியவர் ஒருவர் வரட்டும். பேச்சு எதுவும் எழுதிக்கொண்டு வர வேண்டாம். அங்கே நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வதைக் கேட்டு, ஓம், இதை எங்கள் படைதான் செய்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.